கால் நனையும் கோயில்

பிங்லின் சிறுநகர்
1996, மே 9

அக்காவுக்கு,

என் எழுத்தைப் பார்ப்பது என் முகத்தைப் பார்த்ததாக இருக்கட்டும். நீயும் அத்தானும் நலம்தானே? அம்மா இன்று கஞ்சி குடித்தாளா?

வந்து சேர்ந்துவிட்டேன். பேருந்து இதற்கு மேல் போகாது. இங்கிருந்து டிராக்டர், அதற்கும் மேலே போக நம் கால்தான். அஞ்சலகத்துக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்திருக்கிறது. கடிதங்களை இந்த அஞ்சலகத்துக்கே அனுப்பு, மலையிலிருந்து இறங்கும்போது வாங்கிக்கொள்கிறேன். கூட்டுறவுக் கடைத் தொலைபேசிக்கு மட்டும் கூப்பிட்டுவிடாதே. கடைக்காரர் ஒவ்வொரு சொல்லையும் ஒட்டுக் கேட்கிறார், நடுவில் கருத்தும் சொல்கிறார்.

சிவப்புத் துணிப் பொட்டலம் பத்திரம். பேருந்தில் அதை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள், "என்னம்மா அது, கைப்புள்ளயப் புடிச்ச மாதிரி புடிச்சிருக்க?" என்றாள். "புள்ளதான்" என்றேன். அதற்குப் பிறகு அவள் நன்றாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள், எனக்கும் இடம் தாராளமாயிற்று.

பொய் சொல்லவில்லையே, அக்கா. நான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, அப்பா வீட்டார் பையன் வேண்டும் என்று நச்சரித்து, பிள்ளை தரும் அம்மனிடம் அம்மாவை அனுப்பினார்கள். அங்கிருந்து அவள் எடுத்து வந்த களிமண் பிள்ளை இது. அம்மன் காலடியில் வைத்துத் தைத்த துணி. அம்மன் முன்னால்தான் அந்த நூலை வெட்ட வேண்டும், அதுவரை யாரும் பிரிக்கக் கூடாது. குழந்தை பிறந்த பிறகு உற்றார் உறவினரோடு போய்த் திருப்பி வைக்க வேண்டும். அம்மா போகவே இல்லை. "கேட்டது பையன், கெடச்சது இது! ஏமாத்தின அம்மனுக்கு நான் எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்?" என்று தெருவெல்லாம் என்னைக் காட்டிச் சொல்லுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு கோயில்களையே மூடிவிட்டார்கள். பேச்சும் முடிந்தது.

இப்போது பக்கவாதம் அவள் பேச்சை எல்லாம் வாரிக்கொண்டு, "திருப்பிக் குடு", "அங்க கால் நனையும்" என்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. கால் நனையும் கோயில் எது என்று இந்த மலையில் கேட்டுப் பார்க்கிறேன். அவள் கண் மூடுவதற்குள் பொட்டலம் போய்ச் சேர வேண்டும்.

வெயிலில் வெளியே நிற்காதே.
தங்கை ருய்ஜென்

•

ஹேஷி
மே 27

ருய்ஜென்னுக்கு,

எல்லாரும் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுத ஆசை. இன்று காலை தினைக்கஞ்சியை என் முகத்திலேயே துப்பினாள். துப்ப வலு இருக்கிறதே என்று உன் அத்தானுக்கு ஒரே சந்தோஷம். "ஒன் மூஞ்சிக்கும் சத்து வேணும்ல" என்கிறார். அவரை வினிகர் ஜாடி கழுவ அனுப்பிவிட்டேன்.

கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் பேராசிரியையான உனக்கு, வினிகர் கடைக்காரி ஒரு யோசனை சொல்லலாமா? அம்மா அன்றைக்குத் தன் அத்தையோடு கழுதை வண்டியில் போனாள். விடிகாலையில் கிளம்பி மறுநாள்தான் வந்தாள். அத்தையின் பிறந்த ஊர் பிங்லின் பக்கம். அதற்குமேல் எனக்குத் தெரியாது. நான் ஆறு வயசுப் பெண், என்னைக் கூட்டிப் போகவில்லை. அத்தை வழியில் கேட்டுப் பார். உள்ளே ஊற்று இருக்கும் கோயில்தானே கால் நனைக்கும்? மற்றக் கோயில்களில் தலையை நுழைத்து நேரத்தை வீணாக்காதே.

உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார்? இவ்வளவு நாள் நீ வெளியே சுற்றுவதற்கு ஒன்றும் சொல்லவில்லையா?

அக்கா யூன்ஷியா

•

பிங்லின்
ஜூன் 22

அக்காவுக்கு,

நலம். உன் முகத்துக்குச் சத்து ஏறியிருக்கும் என்று நம்புகிறேன்.

கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஒரு மேட்டில் ஏறினால் அடுத்த மேட்டில் ஒரு கூரை முனை தெரிகிறது. அங்கே போனால் அதற்கும் அப்பால் இன்னொன்று. ஒரு கோயில் மாவு மில்லாகிவிட்டது. அம்மன் தலையிலிருந்து கால்வரை மாவு பூசி நிற்கிறாள். மில்காரர், "எங்க அம்மன் மாதிரி செவப்பா எவளும் இல்ல, பாருங்க" என்கிறார். இன்னொன்றில் பள்ளிக்கூடம் நடக்கிறது. கரும்பலகைக்குப் பின்னால் அம்மன். தேர்வுக்கு முன்னால் பிள்ளைகள் கரும்பலகையைக் கும்பிடுகிறார்கள், கணக்கு வாத்தியார் தன்னைத்தான் என்று நினைத்திருக்கிறார்.

எங்கு போனாலும் முதலில் தரையைத்தான் பார்க்கிறேன். காய்ந்த தரை. பிறகும் கிளம்பாமல் நிற்கிறேன். உத்திரங்களை அண்ணாந்து பார்க்கிறேன். ஆணி ஒன்றுகூட அடிக்காமல், ஒன்றின் தோளில் ஒன்று உட்கார்ந்து எத்தனையோ நூறு ஆண்டாகக் கூரையைத் தாங்குகின்றன. ஒரு கட்டை மட்டும் தனியாக எழுந்து போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். யாரும் கவனிக்காமலும் இருக்கலாம்.

அத்தையின் ஊரில் அவளை நினைவு வைத்திருப்பவர் யாரும் இல்லை. செப்டம்பர் வரை கல்லூரியில் விடுப்புச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் இடது காதுப் பக்கம் நின்று பேசு, அந்தக் காதுதான் கேட்கும்.

ருய்ஜென்

•

ஹேஷி
ஜூலை 20

ருய்ஜென்னுக்கு,

இங்கே நான் மட்டும்தான் சுகம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து வந்து போகிறது. மருத்துவர் நாடியைப் பிடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். "செப்டம்பர் கடைசியில நெலாப் பண்டிகை, அதுவரைக்கும் அப்பளம் மாதிரி நொறுங்காம இருந்தா பாக்கலாம்" என்றார். அவர் வாயை வினிகர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "திருப்பிக் குடு, திருப்பிக் குடு" என்று அழுதாள். "ஒம் பொண்ணு போயிருக்காம்மா, குடுத்துட்டு வந்துருவா" என்றேன். கையை விட்டாள். பிறகு மறுபடியும் அதே. வாழ்நாளெல்லாம் அம்மனோடு சண்டை போட்டவள், இப்போது சமாதானமாகப் பார்க்கிறாள் போலும். அதற்குள் நீ கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். உத்திரம் எங்கும் ஓடிப் போகாது. அதை அப்புறம் பார்.

இன்னொன்று. உன் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன். நீ மாவு மில்லைப் பற்றி எழுதினாய். மில் சுகமாக இருப்பது தெரிந்தது. அவர்?

யூன்ஷியா

•

பிங்லின்
ஆகஸ்ட் 18

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் இங்கேயே காத்திருக்கிறது. மழையில் மேலே மாட்டிக்கொண்டேன். நான் நலம். அம்மாவின் காய்ச்சல் தணிந்திருக்க வேண்டும் என்று வழியில் பார்த்த சாமிகளிடமெல்லாம் சொல்லி வைத்தேன். சில சாமிகளுக்குத் தலையே இல்லை, எந்தக் காதால் கேட்டார்களோ.

ஒரு கோயிலில் உண்மையாகவே கால் நனைந்தது. ஓடிப் போய்ப் பொட்டலத்தை வெளியே எடுத்துவிட்டேன். காவல்காரக் கிழவர் கைதட்டிச் சிரித்தார். "ஊத்தா? மேல பாரு தாயி, கூரையே இல்ல. கால் நனையணும்னா எந்தக் கோயிலுக்கும் மழையில போ."

உன்னிடம் ஒன்றை எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் 'இது இல்லை' என்று தெரிந்ததும் எனக்குள் ஏதோ தளர்கிறது. ஏமாற்றம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அது நிம்மதி. கோயில் கிடைத்துவிட்டால் நூலை வெட்டுவார்கள். உள்ளே ஒரு பையன் இருப்பான். எனக்குப் பதிலாக வந்திருக்க வேண்டியவன். நாற்பது வயதைக் கடந்தவள் ஒரு பொம்மைக்குப் பயப்படுகிறேன் என்று சிரி. ஆனால் அம்மா சாகுமுன் கேட்பதும் அவனைத்தானே? ஒரு நாளாவது 'ருய்ஜென்' என்று சொன்னாளா?

பதில் எழுத வேண்டாம். நாளை வடக்குச் சரிவுக்குப் போகிறேன்.

ருய்ஜென்

•

ஹேஷி
அக்டோபர் 2

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்க வேண்டும். இத்தனை நாள் எழுத முடியவில்லை. கடையில் வேலை அதிகம்.

அம்மா அமைதியாக உறங்குகிறாள். இப்போது எதையும் கேட்பதில்லை. நீ அவசரப்பட வேண்டாம். மழை நின்ற பிறகு மெதுவாகத் தேடு. மலையில் குளிர் சீக்கிரம் வந்துவிடும், பஞ்சுச் சட்டை அனுப்பியிருக்கிறேன்.

இந்த முறை பூசணி நன்றாகக் காய்த்தது. நறுக்கிக் கிழக்கு அறையின் சூட்டு மேடையில் பரப்பி உலர்த்தியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

•

பிங்லின்
அக்டோபர் 15

அக்காவுக்கு,

கடிதமும் சட்டையும் கிடைத்தன. சட்டை அளவாக இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

கடிதத்தை அஞ்சலக வாசலில் நின்று படித்தேன். திருப்பித் திருப்பிப் படித்தேன். ஒரு வசவுகூட இல்லை. என் வீட்டுக்காரரை நீ விசாரிக்கவும் இல்லை. கிழக்கு அறையின் சூட்டு மேடையில் பூசணி உலர்கிறது என்கிறாய். அது அம்மா படுக்கும் இடம்.

நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். நீ எழுதாதவரை நான் திரும்பி வரவும் வேண்டியதில்லை. இதற்காகத்தான் நீ எழுதவில்லை என்று எனக்குத் தெரியும், அக்கா.

நீ இரண்டு முறை கேட்டதற்கு இப்போது பதில். அவர் நலமாகத்தான் இருக்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேறொருத்தியோடு. போன ஆண்டு வசந்தத்திலேயே போய்விட்டார். மகள் தெற்கே படிக்கப் போன பிறகு, அந்த வீட்டில் சுவர்க்கடிகாரமும் நானும்தான். கல்லூரி திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, நான் போகவில்லை. விடுப்பையும் நீட்டவில்லை. அம்மாவுக்காக மலை ஏறினேன் என்று நீ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாய். ஏறுவதற்கு ஒரு மலை கிடைத்ததே என்று நான் வந்தேன்.

ஆனால் இப்போது நிம்மதிக்காகத் தேடவில்லை. நேற்று சந்தையில் சர்க்கரைவள்ளி விற்றவளிடம், கிழங்கு இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்றேன். "எங்க ஊர்ல கோயிலுக்குள்ளயே கழுவுவோம். அம்மன் கோவிச்சுக்க மாட்டா, அவளும் பொம்பளதான" என்றாள். ஊர் பெயர் யாவ்தி. இங்கிருந்து வெகுதூரம் மேலே.

நாளை கிளம்புகிறேன்.

ருய்ஜென்

•

யாவ்தி
நவம்பர் 2

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படி. அவள் எங்கே இருந்தாலும் சரி, இடது பக்கம் நின்று படி.

கிடைத்துவிட்டது. வழியில் பனி பிடித்துக்கொண்டது. நடுவில் ஓர் ஊரில் காய்ச்சலோடு படுத்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு நாள். இப்போது நன்றாக இருக்கிறேன்.

மலைச் சரிவைக் குடைந்து கட்டிய சிறிய கோயில். அம்மன் பீடத்துக்கு அடியில் பாறையிலிருந்து ஊற்று வருகிறது. தரையை இரண்டாகப் பிளந்துகொண்டு வாய்க்காலாக ஓடி வாசலுக்கு வெளியே போகிறது. சாவி ஹௌ என்ற குடும்பத்துப் பெண்ணிடம் இருக்கிறது. என்னைவிடச் சற்று மூத்தவள். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பியபடியே பேசுவாள்.

"கல்லூரிக்காரங்களா? உத்திரத்தப் படம் புடிக்க வந்தீங்களா?" என்றாள்.

"பிள்ளையைத் திருப்பிக் குடுக்க வந்தேன்" என்றேன்.

விதை கொறிப்பது நின்றுவிட்டது. பொட்டலத்தைக் கையில் வாங்கி நிறுத்துப் பார்த்தாள். "பழைய தையலு. எங்க மாமியார் காலத்துது. இவ்வளவு நாளு என்ன பண்ணினீங்க, வளத்து ஆளாக்கினீங்களா?"

வாசல் பக்கத்துக் கரையில் ஒரு கல் திண்டு. அதில் வரிசையாகக் களிமண் பையன்கள், சிவப்பு மார்க்கச்சை கட்டி, கொழுகொழுவென்று. வாய்க்காலுக்கு அந்தக் கரையிலும் ஒரு திண்டு. அங்கே இருந்தவை தூசியில் சரியாகத் தெரியவில்லை.

"பழசையெல்லாம் கோயிலு ஆட்டுக்கொட்டகையா இருந்தப்பவே ஒடைச்சுட்டாங்க. இது நாங்க செஞ்சு வெச்சது. ஆனா எடம் மாறல. இந்தக் கரையில பசங்க, அந்தக் கரையில பொண்ணுங்க" என்றாள். "அங்க எவ போறா? வருசப் பொறப்புக்கு நான்தான் காற்சட்டையச் சுருட்டிக்கிட்டு எறங்கித் தொடைக்கிறது. ஐஸு மாதிரி தண்ணி."

"அப்போ பையனை எடுக்க வர்றவங்களுக்குக் கால் நனையாதா?"

"எதுக்கு நனையணும்? வாசல்ல நின்னு கைய நீட்டினா ஆச்சு. செருப்பக்கூடக் கழட்ட மாட்டாளுங்க."

அக்கா, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மலை ஏறிய களைப்பு என்று நினைத்து அவள் எனக்கு வெந்நீர் கொண்டு வந்தாள். அவள் திரும்பி வரும்வரை அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் அம்மன் முன்னால் வைத்து நூலை வெட்டினாள். துணி மடிப்பிலேயே கிழிந்தது. உள்ளே செம்மண் பொம்மை. உச்சியில் இரண்டு குடுமி. கையில் ஒரு மாதுளை. கன்னத்தில் செய்தவளின் விரல் பதிந்த குழி.

ஹௌ அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். "அட, பொண்ணு! தேடிப் போய்ப் பொண்ண எடுத்த மகராசி யாரு?"

"எங்கம்மா" என்றேன்.

அம்மனோடு அவளுக்குச் சண்டையே இல்லை, அக்கா. திருப்பிக் கொடுக்க வந்திருந்தால் அப்பா வீட்டார் எல்லாரும் சுற்றி நிற்க, நூலை வெட்டியிருப்பார்கள். எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதனால்தான் ஏமாற்றப்பட்டவளைப் போல் தெருவெல்லாம் கத்தி, அந்த நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனை சாமர்த்தியம்! என்னிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் யாரிடமாவது உளறியிருப்பேன் என்பதும் உண்மைதான்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். எலும்புவரை குளிர். அந்தக் கரையில் பொம்மையை வைத்தேன். "ஒண்ணு எடுத்தா ரெண்டா வெக்கணும், தெரியுமில்ல?" என்று ஹௌ அண்ணி இக்கரையிலிருந்து கத்தினாள். தெரியாது. என்ன செய்வது என்று கேட்டேன். ஒரு பிடி ஈரமண்ணைக் கொண்டுவந்து கொடுத்தாள். அங்கேயே நின்றபடி ஒன்று பிடித்தேன். நீதான் அது. மூக்குச் சரியாக வரவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

அம்மா, கொடுத்துவிட்டேன்.

ருய்ஜென்

•

ஹேஷி
நவம்பர் 12

அடியே ருய்ஜென்,

காய்ச்சலோடு படுத்தவள் அதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறாய். வா, வைத்துக்கொள்கிறேன். நாங்கள் சுகம்தான்.

நீ ஊகித்தது சரி. நிலாப் பண்டிகைக்கு நாலு நாள் முன்னால். தூக்கத்திலேயே. உனக்குச் சொல்லியனுப்பட்டுமா என்று அதற்கு முன்பே கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள், நன்றாக, பலமாக. அதற்கு மேல் நான் என்ன செய்ய? "சின்னவ எங்க? பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட வரலையா?" என்று பெரியப்பா மகன் எல்லார் முன்னாலும் கேட்டான். "அம்மா குடுத்த வேலையாப் போயிருக்கா. ஒனக்கு அம்மா என்ன வேலை குடுத்தா, திங்கறதத் தவிர?" என்றேன். துக்கத்துக்கு நீ கட்ட வேண்டிய வெள்ளைத் துணியையும் சேர்த்து நானே இடுப்பில் கட்டிக்கொண்டேன். இரட்டைத் துணியில் நன்றாகப் பருத்துத் தெரிந்தேனாம், உன் அத்தான் சொல்கிறார்.

உன் கடிதம் சரியாக நேற்றுக் காலை வந்தது. செத்தவர்களுக்குக் குளிர்காலத் துணி எரிக்கும் நாள். காகிதச் சட்டையும் காகிதப் போர்வையும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனோம். இடது பக்கம் நின்றேன். சத்தமாகப் படித்தேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். "பொண்ணு" என்ற இடம் வந்ததும் என்னால் படிக்க முடியவில்லை. அத்தான் வாங்கி மீதியைப் படித்தார். பிறகு துணிகளோடு அதையும் எரித்துவிட்டேன். நன்றாக எரிந்தது.

படிக்க முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அம்மா கிளம்பிய அந்த விடிகாலையில் நானும் எழுந்துவிட்டேன். என்னையும் கூட்டிப் போ என்று அழுதேன். தம்பிப் பாப்பா கொண்டு வரப் போகிறேன், அழாதே என்றாள். "தம்பி வந்தா வினிகர் ஜாடிக்குள்ள போட்டு மூடிடுவேன். எனக்குத் தங்கச்சிதான் வேணும்" என்று அப்பா வீட்டார் எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினேன். அம்மா என் வாயில் ஓங்கி ஒரு அறை விட்டாள். திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறினாள்.

இவ்வளவு நாள் அந்த அறைதான் எனக்கு நினைவு. அறைந்துவிட்டுப் போனவள் அங்கே போய்ச் செருப்பைக் கழற்றித் தண்ணீரில் இறங்கியிருக்கிறாள்.

எனக்காகவா, அவளுக்கே ஆசையா, கேட்க இனி ஆள் இல்லை. நான் எனக்காக என்றே வைத்துக்கொள்கிறேன். நீ வேறு மாதிரி நினைத்தால் நேரில் வந்து சண்டை போடு.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அங்கேயே இருக்கட்டும். கல்லூரியிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். அவளுக்குக் காய்ச்சல், புத்தாண்டு பிறந்ததும் வருவாள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். போவதும் போகாததும் உன் இஷ்டம். ஆனால் என் மூக்கை நீ எப்படிப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று நான் ஒரு நாள் அங்கே வந்து பார்க்கத்தான் போகிறேன்.

யூன்ஷியா

•

பிங்லின்
நவம்பர் 24

அக்காவுக்கு,

நலம். வியாழக்கிழமைப் பேருந்தில் வருகிறேன். மூக்கைப் பற்றி நேரில் பேசலாம்.

கிழக்கு அறை மேடையிலிருந்து பூசணியை எடுத்துவை.

ருய்ஜென்